வயிற்று எரிச்சலுக்கு மருந்து எடுப்பவர்கள் மற்ற மாத்திரைகளை எப்போது போடுவது: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கிளினிக் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பையோடு கடைக்குள் வருவார்கள். "தம்பி, இதெல்லாம் எப்பிடிக் குடிக்கிறதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று ஏழெட்டு உறைகளை மேசையில் வைப்பார்கள். அநேகமாக அதில் ஒன்று கேஸ்ட்ரைட்டிஸ் (வயிற்று எரிச்சல்) மருந்தாக இருக்கும்.

மற்ற மாத்திரைகளின் நேரத்தைக் குழப்புவது பெரும்பாலும் அந்த ஒன்றுதான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் வேறு சில மாத்திரைகள் இரத்தத்தில் சேராமலே போகின்றன. ஆள் ஒரு நாள் தவறாமல் மாத்திரை போடுவார். ஆனாலும் தைரொய்ட் கட்டுக்குள் வராது, இரத்தம் ஏறாது, காய்ச்சல் விடாது. பிறகு அளவைக் கூட்டுவார்கள். அளவில் பிழையே இருந்திருக்காது.

அப்பா அம்மாவின் மருந்துகளைக் கவனிக்கும் பிள்ளைகளுக்காகவும், கடையில் புதிதாகச் சேரும் தம்பி தங்கச்சிமாருக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். நேராக 6ஆம் படிக்குப் போய் மணி நேரம் எழுதத் தொடங்குபவர்களுக்குப் பாதியில் அலுமாரிக்குள்ளிருந்து இன்னொரு போத்தல் வரும். எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியதாகிவிடும்.

1. தொடங்கும் முன்: இது வயிற்று எரிச்சல்தானா?

நெஞ்சை அழுத்துகிற வலி, கைக்கோ தாடைக்கோ ஓடும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் "கேஸ்தான்" என்று ஈனோ கலக்கிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஏற்றத்தில் ஏறும்போது வந்து, நின்றால் விட்டுப்போகும் நெஞ்சு வலியையும் இதயத்தோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அதை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்கக் கூடாது.

இரத்த வாந்தி, தார் மாதிரி ஒட்டும் கறுப்பு மலம், விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் மெலிதல் ஆகியவையும் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அடையாளங்கள். இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்களுக்கும் மலம் கறுப்பாகும். அது பொதுவாகத் தார் போலப் பிசுபிசுக்காது. சந்தேகமாக இருந்தால் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வழிகாட்டி நேரத்தை ஒழுங்கு செய்வதற்கு மட்டுமே. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்துவதற்கோ அளவை மாற்றுவதற்கோ இதைப் பயன்படுத்த வேண்டாம்.

2. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள்

தேவையானவை: கிளினிக் கொப்பி, எல்லா மருந்து உறைகளும், கடையில் வாங்கிய போத்தல்கள், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனை. ஒரு பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் அதில் வையுங்கள்.

வீட்டு ஆட்கள் மருந்து என்று கணக்கெடுக்காதவைதான் இங்கே முக்கியம். ஈனோ பைக்கட், ஜெலுசில், கவிஸ்கொன், டைஜீன் போன்றவை, விட்டமின் மாத்திரை, கல்சியம், மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த "சத்து மாத்திரை", பக்கத்து லயத்து அக்கா கொடுத்த இரண்டு கெப்சூல் எல்லாம் வர வேண்டும். "வேற மருந்து ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "எரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அப்போதுதான் போத்தல் வெளியே வரும்.

உறையை வாசிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல உறைகளில் சிங்களத்தில் எழுதியிருக்கும். "உதே" காலை, "ரே" இரவு, "கேமட்ட பெர" சாப்பாட்டுக்கு முன், "கேமட்ட பசு" சாப்பாட்டுக்குப் பின். வாசிக்கத் தெரியாத அம்மாமார் உறையின் மூலையை மடித்தும் நூல் கட்டியும் அடையாளம் வைத்திருப்பார்கள். ஒரு அம்மா காலை மாத்திரை உறையில் ஒரு மூலையும் இரவு மாத்திரை உறையில் இரண்டு மூலையும் மடித்திருந்தார். நல்ல முறை. ஆனால் அடுத்த மாதம் புது உறை வந்தபோது மடிப்பு இல்லை. பழைய உறைக்குள்ளேயே புது மாத்திரையைப் போட்டு வைத்திருந்தார். அதன் அளவு மாறியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. அதனால் பழைய உறைகளை முதலில் ஒதுக்கி, கடைசியாகத் தந்த உறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கும்போது ரனிடிடின் கிடைத்தால் மறுபடி பயன்படுத்தாதீர்கள். புற்றுநோய் ஆபத்துள்ள என்.டி.எம்.ஏ. என்ற கலப்பு அதில் இருப்பது 2019இல் தெரிய வந்து, பல நாடுகளில் அது மீளப் பெறப்பட்டது. பழைய அலுமாரிகளில் இன்னும் நான் பார்க்கிறேன்.

3. எரிச்சல் மருந்து எந்த வகை என்று பாருங்கள்

மூன்று வகை உண்டு. பெயரின் வாலைப் பார்த்தால் போதும்.

முதல் வகை "ப்ரசோல்" என்று முடியும்: ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல், பென்டப்ரசோல், ரபெப்ரசோல், லென்சப்ரசோல். வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைக்கும் பம்புகளை இவை பூட்டிவிடும். மருந்து இரத்தத்தில் சில மணி நேரமே இருந்தாலும் பூட்டிய பம்பு திறக்காது. அதனால் வேலை ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். நிறுத்தினாலும் அமிலம் பழையபடி சுரக்கச் சில நாட்கள் பிடிக்கும்.

இரண்டாவது ஃபமொட்டிடின். அமிலச் சுரப்பை ஏறக்குறைய 10 முதல் 12 மணி நேரத்துக்குக் குறைத்து வைக்கும்.

மூன்றாவது வகை அமில முறிப்பான்கள்: வெள்ளைத் தண்ணி மருந்து, சப்பும் மாத்திரை, ஈனோ. அலுமினியம், மக்னீசியம், கல்சியம், சோடியம் ஆகியவற்றின் உப்புகள்தான் இவை. ஏற்கெனவே சுரந்த அமிலத்தை அந்த நேரத்துக்கு முறிக்கும், அவ்வளவுதான்.

புண்ணை மூடி வைக்கும் சுக்ரல்ஃபேட்டையும் மூன்றாவது வகையோடு சேர்த்து வையுங்கள். அது அமிலத்தைக் குறைப்பதில்லை. ஆனால் அதில் அலுமினியம் இருப்பதால் நமது கணக்கில் முறிப்பானைப் போலவே நடந்துகொள்ளும்.

4. இடைஞ்சல் இரண்டு விதம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலாவது, ஒட்டிக்கொள்வது. முறிப்பானில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் கல்சியமும் சில மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கரையாத கட்டியாகிக் குடலைத் தாண்டி வெளியே போய்விடும். இதற்கு இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் இருக்க வேண்டும். நேரத்தைப் பிரித்தால் தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது, கரையாமல் போவது. சில மாத்திரைகள் கரைவதற்கே புளிப்பு வேண்டும். வெறும் வயிற்றின் பி.எச். (புளிப்பின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) சாதாரணமாக 1 முதல் 3 வரை இருக்கும், தேசிக்காய்ச் சாறு மாதிரி. ப்ரசோல் வகை வேலை செய்யும்போது அது பல மணி நேரத்துக்கு 4க்கு மேல் ஏறி நிற்கும். அந்த வயிற்றில் இப்படிப்பட்ட மாத்திரை கரையாமல் அப்படியே நகர்ந்துவிடும்.

இந்த இரண்டாவது விஷயத்தில் மணி நேரம் பிரிப்பது உதவாது. காலையில் ஒமெப்ரசோல், இரவில் மற்ற மாத்திரை என்று பிரித்தாலும் இரவிலும் பம்பு பூட்டியபடிதான் இருக்கும். "ரெண்டு மணித்தியாலம் விட்டுத்தானே குடுத்தேன்" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த வகை மருந்துக்கு விட்டீங்க?" என்பதுதான். முறிப்பானுக்குக் கடிகாரம் போதும். ப்ரசோலுக்கு டொக்டரிடம் பேச வேண்டும்.

5. மற்ற மாத்திரைகளைப் பிரித்து அடுக்குங்கள்

பேப்பரில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

ஒட்டிக்கொள்ளும் குவியல்: தைரொய்டுக்குத் தரும் தைரொக்சின், இரும்புச்சத்து, அன்டிபயோட்டிக்குகளான சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின், டொக்சிசைக்ளின், எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரொனேட், கொலஸ்ட்ரோலுக்குத் தரும் ரொசுவாஸ்டாட்டின், நரம்பு வலிக்குத் தரும் கபபென்டின். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட்டும் இங்கேதான் வரும். அலுமினியம் சேர்ந்த முறிப்பானுக்குக் குறைந்தது 1 மணி நேரம் முன்பே அதைப் போட்டுவிட வேண்டும்.

புளிப்பு வேண்டும் குவியல்: படைக்குத் தரும் இட்ராகொனசோல் கெப்சூல், கீட்டோகொனசோல், கல்சியம் கார்பனேட், மறுபடியும் இரும்புச்சத்து. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர்களின் மைகோஃபெனோலேட் மொஃபெட்டில், எச்.ஐ.வி.க்குத் தரும் ரில்பிவிரின், அட்டசனவிர், புற்றுநோய்க்குத் தரும் எர்லொட்டினிப், டசட்டினிப் போன்றவையும் இதில் சேரும். கடைசியாகச் சொன்ன இந்த மருந்துகளில் ஏதாவது ஒன்று இருந்தால் வீட்டில் நேரம் போட முயற்சிக்க வேண்டாம். எரிச்சல் மருந்தைத் தொடும் முன்பே அந்தச் சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள்.

தொல்லையில்லாக் குவியல்: பரசிட்டமோல், சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின், பிரஷருக்கான லொசார்ட்டன், அம்லொடிபின். இவற்றைப் பற்றி அமிலக் கணக்கில் கவலைப்படத் தேவையில்லை. பெரும்பாலான வீடுகளில் பெரிய குவியல் இதுதான். கொஞ்சம் மூச்சு விடலாம்.

குடலில் போய்த்தான் கரைய வேண்டும் என்று மேலே பூச்சுப் பூசிய மாத்திரைகளும் உண்டு. சில அஸ்பிரின், டைக்லோஃபெனக், மலச்சிக்கலுக்கான பிசகோடில் அப்படிப்பட்டவை. முறிப்பான் அந்தப் பூச்சை வயிற்றிலேயே கரைத்துவிடும். பிசகோடிலுக்கு முன்னும் பின்னும் 1 மணி நேரத்துக்குப் பாலும் முறிப்பானும் வேண்டாம். இந்தப் பூச்சு மாத்திரைகளை உடைக்கவும் வேண்டாம்.

ஒமெப்ரசோலும் இதே மாதிரிதான். கெப்சூலுக்குள் இருக்கும் சின்ன மணிகளுக்குத்தான் பூச்சு இருக்கிறது. அமிலம் நேராகப் பட்டால் மருந்து கெட்டுப்போகும். விழுங்க முடியாதவர்களுக்குக் கெப்சூலைத் திறந்து மணிகளை அப்படியே விழுங்கக் கொடுக்கலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். அம்மியில் அரைத்துக் கொடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்த வேலைதான், ஆனால் மருந்து வீணாகிவிட்டது.

6. நேரத்தைப் போடுங்கள்: கண்டிப்பானதை முதலில்

எந்த மாத்திரைக்குக் கட்டுப்பாடு அதிகமோ அதற்கு முதலில் இடம் கொடுங்கள். மெட்ஃபோர்மினுக்கு முதலில் நேரம் போட்டுவிட்டுத் தைரொக்சினுக்கு இடம் தேடினால் கிடைக்காது.

ஒரு வீட்டு உதாரணத்தை எடுப்போம். 50 தாண்டிய அம்மா, இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். தைரொக்சின், ஒமெப்ரசோல், மெட்ஃபோர்மின், கல்சியம் கார்பனேட், இரும்புச்சத்து, எரிந்தால் குடிக்க ஒரு போத்தல். வேலை நாளின் ஒழுங்கை அவரிடமே கேட்டு எழுதுங்கள்: எப்போது எழும்புகிறார், எப்போது பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போக வேண்டும், பகல் கொழுந்து நிறுத்த (எடை போட) எத்தனை மணிக்கு இறங்குகிறார். மருந்தின் நேரம் இந்த ஒழுங்கில் விழாவிட்டால் மூன்றாம் நாளே விட்டுப்போகும்.

காலை 4.45, எழும்பியவுடன்: தைரொக்சின், தண்ணீரோடு மட்டும். சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பாக வெறும் வயிற்றில் போட வேண்டிய மருந்து இது. சாயத்தண்ணியோடும் பால் தேத்தண்ணியோடும் போட வேண்டாம். மாத்திரையைத் தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணீரோடு வைத்துவிட்டால் அடுப்பு மூட்டும் முன்பே முடிந்துவிடும்.

5.15: ஒமெப்ரசோல். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பிடும்போதுதான் பம்புகள் அதிகமாக வேலை செய்யத் தொடங்கும். அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் பூட்ட முடியும். நெஞ்செரிவு வந்த பிறகு ஒமெப்ரசோல் போடுவது பலரும் செய்யும் பிழை. அது அப்போதைய எரிச்சலுக்கு உடனே கேட்காது.

5.45க்குப் பிறகு: ரொட்டி, தேத்தண்ணி, சாப்பாட்டோடு மெட்ஃபோர்மின்.

பகல் சாப்பாட்டோடு: கல்சியம் கார்பனேட். சாப்பாட்டோடு போட்டால்தான் இருக்கிற அமிலமாவது உதவும். தைரொக்சினுக்கும் கல்சியத்துக்கும் இடையில் 4 மணி நேரம் வேண்டும். இங்கே தாராளமாகவே இருக்கிறது. ப்ரசோல் வகையை நீண்ட நாள் எடுப்பவர்கள் கல்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அதற்குப் புளிப்பு தேவையில்லை.

இரவு சாப்பாடு 7 மணி, மெட்ஃபோர்மின் இரண்டு வேளை என்றால் அதோடு. 9 மணிக்கு இரும்புச்சத்து, தண்ணீரோடு அல்லது சீனி போடாத தேசிக்காய்த் தண்ணியோடு. இரும்பைத் தேயிலையும் தடுக்கும், கல்சியமும் தடுக்கும், முறிப்பானும் தடுக்கும். நாள் முழுக்கத் தேத்தண்ணி ஓடும் வீட்டில் இரும்புக்கு மிஞ்சுவது இந்த நேரம்தான். முன்னும் பின்னும் குறைந்தது 1 மணி நேரம் தேத்தண்ணி இல்லாமல் இருக்க வேண்டும்.

போத்தல் மருந்துக்கு எங்கே இடம்? பகலில், கொழுந்து நிறுத்திவிட்டு வந்து சாப்பிட்ட பிறகு குடித்தால் யாரோடும் மோதாது. இரவில் எரிந்து 8 மணிக்குக் குடித்துவிட்டார் என்றால் இரும்பை 10 மணிக்குத் தள்ளுங்கள். அதற்குள் தூங்கிவிட்டால் விடுங்கள். மறுநாள் வழமையான ஒரு மாத்திரை போதும், இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. விடியற்காலை 3 மணிக்கு எரிந்து குடித்துவிட்டால் தைரொக்சினுக்கு முன் முறிப்பானுக்கும் வேண்டிய அந்த 4 மணி நேரம் இல்லை. அடிக்கடி இப்படி நடக்கிறதென்றால் எரிச்சலே கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். நேரத்தோடு மல்லுக்கட்டாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களுக்கு ஈனோவில் உள்ள சோடியம் நல்லதல்ல. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அலுமினியம், மக்னீசியம் உள்ள போத்தலைக் கேட்காமல் தொடவே வேண்டாம். உடல் அவற்றை வெளியேற்ற முடியாமல் சேர்த்துவைக்கும்.

7. இடையில் அன்டிபயோட்டிக் வந்தால்

ஒழுங்காகப் போகும் அட்டவணை குலைவது இந்த ஒரு வாரத்தில்தான்.

சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளொக்சசின் வாங்கிப்போன ஒரு பெரியவர் நான்காம் நாள் திரும்பி வந்தார். எரிவு குறையவில்லை, குளிர் காய்ச்சலும் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒன்றுகூடத் தவறவில்லை. "மாத்திரை வயித்தைப் புடுங்குது தம்பி, அதனால ஒவ்வொரு தடவையும் உடனே அந்த வெள்ளை மருந்துல ரெண்டு மூடி குடிச்சுக்கிட்டேன்" என்றார். அலுமினியமும் மக்னீசியமும் சேர்ந்த முறிப்பானோடு போட்டால் இந்த மருந்தின் பெரும்பகுதி இரத்தத்துக்கே வராது. நான்கு நாள் மருந்து கிட்டத்தட்ட மலத்தோடு போய்விட்டது. எழுதிக் கொடுத்த டொக்டரிடமே திருப்பி அனுப்பினேன். கடையில் கொடுக்கும்போதே "எரிஞ்சா என்ன குடிப்பீங்க?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அதைக் கேட்காமல் இந்த மாத்திரையை யாருக்கும் கொடுப்பதில்லை.

கணக்கு இதுதான். சிப்ரோஃப்ளொக்சசினை முறிப்பானுக்கு 2 மணி நேரம் முன்பாகவோ 6 மணி நேரம் பின்பாகவோ போட வேண்டும். காலை 6, மாலை 6 என்று போடுபவருக்கு முறிப்பான் குடிக்கக் கிடைக்கும் இடைவெளி காலை 8 முதல் பகல் 12 வரையும், இரவு 8 முதல் நள்ளிரவு 12 வரையும் மட்டும். இரும்பும் கல்சியமும் சத்து மாத்திரையும் இதே இடைவெளிகளுக்குள்தான் வர வேண்டும். முடியாவிட்டால் அந்த ஒரு வாரத்துக்கு அவற்றை விடலாமா என்று எழுதிக் கொடுத்த டொக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பால், யோகட் ஆகியவற்றோடு சேர்த்தும் இந்த மாத்திரையை விழுங்க வேண்டாம்.

எலிக்காய்ச்சலுக்குத் தரும் டொக்சிசைக்ளினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முறிப்பானிலிருந்தும் இரும்பிலிருந்தும் 2 முதல் 3 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கூடவே இன்னொன்று: ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். அந்தப் புண்ணின் எரிச்சலைக் கேஸ்ட்ரைட்டிஸ் என்று நினைத்துப் போத்தலைத் திறப்பார்கள். அதோடு டொக்சிசைக்ளினும் கெட்டுவிடும்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான எச். பைலோரி கிருமியை ஒழிக்க அமொக்சிசிலின், கிளரித்ரோமைசின் போன்றவற்றோடு ப்ரசோல் மருந்தையும் சேர்த்தே தருவார்கள். அங்கே அமிலம் குறைவதுதான் அன்டிபயோட்டிக்குக்குத் துணை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவற்றைப் பிரித்துவிடாதீர்கள்.

8. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு

கர்ப்ப காலத்தில் நெஞ்செரிவும் அதிகம், கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் சேர்ந்தே வரும், தேத்தண்ணியும் நிற்காது. எரிச்சல் மருந்தும் கல்சியமும் தேத்தண்ணியும் இரும்பைத் தடுக்கும்.

கல்சியம் பகல் சாப்பாட்டோடு, இரும்பு இரவில், விட்டமின் சி தந்திருந்தால் இரும்போடு. இந்த ஒழுங்கைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே உள்ளங்கையில் கொட்டி விழுங்குவதுதான் நான் அதிகம் காணும் பிழை. "மறக்காம இருக்கத்தான் அண்ணே" என்பார்கள். மறக்காமல் இருக்க வேறு வழி இருக்கிறது: கல்சியத்தைச் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலும் இரும்பைப் படுக்கைக்குப் பக்கத்திலும் வையுங்கள்.

நெஞ்செரிவுக்குக் கடையில் நீங்களாக மருந்து வாங்க வேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள், தருவார்கள். அதை இரும்பிலிருந்து 2 மணி நேரம் தள்ளி வையுங்கள்.

9. கடிகாரம் உதவாத இடங்கள்

மழைக் காலத்தில் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் படை வராமல் இருப்பது கஷ்டம். துணி காய்வதும் இல்லை. பூச்சு மருந்து கேட்காதபோது இட்ராகொனசோல் கெப்சூல் எழுதுவார்கள். அதே ஆள் ஒமெப்ரசோலும் போட்டால் விலை கூடிய அந்தக் கெப்சூல் பாதி வேலைகூடச் செய்யாது.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றே. கெப்சூல் எழுதும்போதே "ஒமெப்ரசோல் குடிக்கிறேன்" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் ஒமெப்ரசோலைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம், டெர்பினஃபின் மாதிரி வேறு மருந்துக்கு மாற்றலாம், கெப்சூலைச் சாப்பாட்டோடும் புளிப்பான குளிர்பானத்தோடும் குடிக்கச் சொல்லலாம். முடிவு அவருடையது. வயிற்றில் புண் இருந்தவரா, அஸ்பிரின் குடிப்பவரா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

தைரொக்சினும் ஓரளவு இங்கேயும் வரும். நேரத்தைச் சரியாகப் பிரித்தும் ப்ரசோல் மருந்தால் சிலருக்குத் தைரொக்சின் சேர்வது குறையும். புதிதாக ப்ரசோல் தொடங்கினாலும் நிறுத்தினாலும் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைரொய்ட் இரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

இதய அடைப்புக்கு க்ளொபிடோகிரெல் குடிப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது சேரும் இடத்தில் தொல்லை இல்லை. ஈரலில்தான் அது வேலை செய்யும் வடிவுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் தடுக்கும். காலை, இரவு என்று பிரித்தாலும் தீராது. பென்டப்ரசோல் போன்ற வேறொன்றுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். கேட்கும் வரை இரண்டில் எதையும் நிறுத்தாதீர்கள். க்ளொபிடோகிரெலை விடுவது எரிச்சலைவிடப் பெரிய ஆபத்து.

10. வருஷக் கணக்கில் குடிப்பவர்கள்

ப்ரசோல் மருந்தைப் பலருக்கும் 4 முதல் 8 வாரத்துக்குத்தான் தொடங்குகிறார்கள். கிளினிக் கொப்பியில் அது மாதா மாதம் எழுதப்பட்டுக்கொண்டே போய் ஐந்து வருஷமாகிவிடும். சிலருக்கு நீண்ட நாள் உண்மையாகவே தேவை. தேவையா என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

உணவில் உள்ள விட்டமின் பி12 புரதத்திலிருந்து பிரிய அமிலம் வேண்டும். மெட்ஃபோர்மினும் பி12ஐக் குறைக்கும். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் எரிச்சலுக்கு ஒமெப்ரசோலும் 2 வருஷத்துக்கு மேல் சேர்ந்து குடிப்பவருக்குப் பாதத்தில் விறைப்பும் எரிவும் இருந்தால், எல்லாவற்றையும் சீனியின் தலையில் போடாமல் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி12 மாத்திரையாகக் கொடுத்தால் அதற்கு இந்த அமிலம் தேவையில்லை.

மக்னீசியமும் குறையலாம். தசை இழுத்தல், படபடப்பு, வலிப்பு அதன் அடையாளங்கள். இதயத்துக்குத் தரும் டிகொக்சின் அல்லது சிறுநீரைக் கூட்டும் தண்ணீர் மாத்திரை குடிப்பவர்களுக்கு இது இன்னும் கவலைக்குரியது.

நிறுத்த முடிவானாலும் திடீரென்று விட வேண்டாம். பல மாதம் பூட்டியிருந்த வயிறு, திறந்ததும் வழமையைவிட அதிகமாகச் சுரக்கும். முதல் சில வாரம் எரிச்சல் கூடும். "நிறுத்தினா தாங்க முடியல, வாழ்நாள் முழுக்க வேணும்போல" என்று முடிவு கட்டிவிடுவார்கள். டொக்டர் படிப்படியாகக் குறைக்கும் முறை தருவார்.

11. தாளை எழுதி ஒட்டுங்கள்

மருந்தின் பெயரைவிட உருவத்தை எழுதுவது உதவும்: "சின்ன வெள்ளை வட்டம்", "ரெண்டு நிறக் கெப்சூல்". அடுத்த மாதம் வேறு கம்பனி மாத்திரை வந்தால் உருவம் மாறும், அப்போது அந்த வரியை மட்டும் திருத்துங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், சோற்றுக் கோப்பை, நிலா வரைந்து அதற்கு நேராக ஒரு மாத்திரையைத் தெளிவான டேப்பால் ஒட்டிவிடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மாத்திரையை ஒட்டாமல் படம் மட்டும் வரையுங்கள்.

தாளின் அடியில் பெரிய எழுத்தில் எரிச்சல் மருந்தின் பெயரையும், எத்தனை மாதமாகக் குடிக்கிறார் என்பதையும் எழுதுங்கள். தனியார் டொக்டரிடமோ பல் வைத்தியரிடமோ தோட்ட டிஸ்பென்சரியிலோ மருந்து வாங்கும்போது முதலில் காட்ட வேண்டிய வரி அதுதான். ஃபோனில் ஒரு படமும் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, தாளில் இருக்கிறபடி நடக்கிறதா என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 6ஆம் படியில் நான் சொன்ன கொழுந்து பறிக்கும் அம்மா, இரவு 9 மணி வரை விழித்திருக்க முடியவில்லை என்றார். இரவுச் சாப்பாட்டை 6.30க்குக் கொண்டுவந்து இரும்பை 8.30க்கு மாற்றினோம். சாப்பாட்டுக்குப் பிறகு குடித்துவந்த தேத்தண்ணியை அவர் பின்னேரம் வேலை முடிந்து வந்ததும் குடிக்கத் தொடங்கினார்.